அழிச்சுடலாம், விடுங்கோ

என் வகுப்பில் ‘அழி’ என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. என்னிடம் படித்தவர்களுக்கு இந்தச் சட்டம் தெரியும். திரையில் வேண்டாத ஒன்று இருந்தால் துடை என்று சொல்லலாம், எடு என்று சொல்லலாம், மலையாளத்தில் மாய்க்கு என்று சொல்லலாம். ‘அழி’ மட்டும் கூடாது. இதற்காக நீங்கள் எனக்கு ‘அழியா டீச்சர்’ என்று பட்டப்பெயர் வைத்திருப்பதும் எனக்குத் தெரியும். என் காது இன்னும் செவிடாகவில்லை. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது, போன ஜென்மத்தில் ஏதோ புண்ணியம் செய்திருக்கிறேன்.

காரணம் கேட்டவர்களிடம் வேலையைப் பாருங்கள் என்று எரிந்து விழுந்திருக்கிறேன். இப்போது ஓய்வு பெற்றாயிற்று. எரிந்து விழ வீட்டில் ஆளும் இல்லை. அதனால் சொல்லிவிடுகிறேன். சாஃப்ட்வேர் பற்றி இதில் ஒரு வரி இருக்காது. நான் கற்றுக்கொண்ட சாஃப்ட்வேரெல்லாம் எனக்கு முன்னாலேயே செத்துப் போய்விட்டது.

முதலில் காக்கா கதை. பாதிப் பேருக்குத் தெரியும், இருந்தாலும் கேளுங்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிது. தூரிகை வைத்து டைட்டில் கார்டு எழுதிக்கொண்டிருந்தவளைப் பிடித்து, திருவனந்தபுரத்தில் அப்போதுதான் திறந்திருந்த ஒரு சின்ன ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். ராஜா காலத்துக் கதை ஒன்றில் கோயில் தெரு வருகிறது, நடுவில் மின்சாரக் கம்பம் நிற்கிறது, அதை எடுக்க வேண்டும். எடுத்தேன். ஒரு வாரம் கண் பழுக்கப் பழுக்கப் பார்த்து எடுத்தேன். போட்டுக் காட்டும் அன்று டைரக்டர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். படம் ஓடியது. அவர் மெதுவாகத் திரும்பி, அந்தக் காக்கா எதற்காக ஆகாயத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டார். கம்பத்தைத்தான் பார்த்தேனே ஒழிய, அதன் உச்சியில் இருந்த காக்காயைப் பார்க்கவில்லை. கம்பம் போய்விட்டது, காக்கா அசையாமல் அந்தரத்தில் இருந்தது. தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன், வீட்டுக்குப் போய் அழுதேன்.

ஒன்றை எடுப்பதற்கு முன்னால் அதன்மேல் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார் என்று அன்றைக்கே புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்கு இன்னும் சில வருஷமும் ஒரு பெண்ணின் காலும் வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்லாற்றில் ஷூட்டிங். பொன்முடி மலையடிவாரத்தில் ஆறு பாறை பாறையாக இறங்குகிற இடம். கதாநாயகி ஒரு பாறையிலிருந்து எதிர்ப்பாறைக்குத் தாவ வேண்டும். தாவப் போகிறவள் கதாநாயகி இல்லை, டூப் போடும் ஜெபமணி. மார்த்தாண்டம் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். கிளம்பும் முன் கண்ணை மூடி ஒரு ஜெபம், பிறகு அண்ணனுக்கு ஒரு குரல், அப்புறம் தாவல். அந்த அண்ணன் சுதாகரன். நெடுமங்காட்டு மலையாளி, கம்பி பிடிக்கிறவர். ஜெபமணி பத்து வருஷமாகத் தாவிய தாவலுக்கெல்லாம் மறுமுனை அவர் கையில்தான் இருந்தது. அவர் வரவில்லை என்றால் அவளும் வர மாட்டாள்.

நானும் அங்கே ஒரு பெரிய மனுஷியாகத்தான் போயிருந்தேன். அதுவரை டூப்புகளைத் தொங்கவிட்ட கம்பி சேமியா கனம்தான் இருக்கும். படத்தில் தெரியக் கூடாது என்று கறுப்பு பூசி, சாமியை வேண்டிக்கொண்டு தொங்கவிடுவார்கள். நான் முதல் நாளே டைரக்டரிடம் சொல்லிவிட்டேன். தடிக் கம்பியாகவே போடுங்கள், தெரிந்தால் தெரியட்டும், கம்ப்யூட்டரில் நான் எடுத்துத் தருகிறேன் என்று. எங்கள் ஸ்டூடியோவுக்கு அந்த மாதிரி வேலை அதுதான் முதல். ஜெபமணி அந்தத் தடிக் கம்பியைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

இடத்தை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜெபமணி பாறை விளிம்பில் நிற்கிறாள். அவள் இடுப்பிலிருந்து கம்பி மேலே போய், இரும்புக் குழாயில் மாட்டிய ஒரு கப்பி வழியாக, பாறைக்குப் பின்னால் இறங்குகிறது. அங்கே ஓர் இரும்பு வளையத்தில் அதைக் கட்டி, மிச்சத்தைத் தோலுறை போட்ட கையில் சுற்றிக்கொண்டு சுதாகரன் அண்ணன் நிற்கிறார். பாறை மறைப்பதால் அவருக்கு அவளைத் தெரியாது. எல்லாம் காதால்தான். நான் இக்கரையில் மானிட்டர் முன்னால் இருக்கிறேன். கேமராமேன் அக்கரையில், மேடை மேல். அவர் சென்னைக்காரர், மலையாளம் தெரியாது. ஆற்று இரைச்சலில் கத்தினால் கேட்காது என்று எங்கள் கையில் வாக்கி டாக்கி கொடுத்திருந்தார்கள். சுதாகரன் அண்ணன் இடுப்பிலும் ஒன்று தொங்கியது.

முதல் டேக் நன்றாகத்தான் வந்தது. இன்னொன்று எடுக்கலாம் என்று ஜெபமணி திரும்பப் பாறை ஏறி நின்றாள். வெயில் மேகத்துக்குள் போய்விட்டது. காத்திருந்தோம். காத்திருக்கும் நேரத்தில்தான் சினிமாவில் எல்லாக் கெடுதலும் நடக்கும். கேமராமேனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கம்பி பளபளவென்று தெரிகிறது, முகத்துக்குக் குறுக்கே வருகிறது, இப்படி எடுத்தால் யார் பொறுப்பு என்று வாக்கி டாக்கியில் புலம்பினார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு தடவை சொன்னேன், கேட்கவில்லை. இரண்டாம் தடவையும் அதையே சொன்னார்.

நான் திருவனந்தபுரத்தில், தமிழர்கள் நிறைந்த வலியசாலையில் பிறந்து வளர்ந்தவள். வாசலுக்கு வெளியே மலையாளம், வாசலுக்குள் தமிழ். செட்டில் காலையிலிருந்து மலையாளம்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் கேட்டவர் தமிழர், எனக்கோ எரிச்சல். எரிச்சலில் வீட்டுப் பாஷை வந்துவிடும். பொத்தானை அழுத்திச் சொன்னேன்:

“அழிச்சுடலாம், விடுங்கோ.”

துடைத்துவிடலாம், கவலையை விடுங்கள் என்று அர்த்தம். கேமராமேன் சரி என்றார். ஜெபமணி பக்கத்தில் நின்ற உதவி டைரக்டரின் வாக்கி டாக்கியிலும் இது கேட்டது. அவள் சரி என்பது மாதிரி என் பக்கம் கையைக் காட்டினாள்.

சில நிமிஷம் கழித்து வெயில் வந்தது. டைரக்டர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் மறுபடி போவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம். ரெடியா என்று யாரையும் கேட்கவில்லை, நேரே ‘ஆக்‌ஷன்’ என்று கத்தினார். அந்த அவசரத்தில் ஜெபமணி அண்ணனுக்குக் குரல் கொடுக்காமலேயே தாவினாள்.

கம்பி அவளைத் தாங்கவில்லை. அவள் பின்னாலேயே பாம்பு மாதிரி ஓடி வந்தது. பாதி விழுந்தபோது ஒரு வெட்டு வெட்டி இழுத்து, பிறகு மறுபடி விட்டுவிட்டது. அவள் இரண்டு பாறைக்கும் நடுவில், தண்ணீர் முழங்கால் அளவு கூட இல்லாத இடத்தில் விழுந்தாள். சத்தம் ஆற்றைத் தாண்டி எனக்குக் கேட்டது. அதை நான் எழுதப் போவதில்லை.

தூக்கிக்கொண்டு வந்தபோது நினைவு இருந்தது. இடது தொடை எலும்பு உடைந்து, கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. ஜீப்பில் ஏற்றினோம். அப்போதுதான் பாறைக்குப் பின்னாலிருந்து சுதாகரன் அண்ணன் வந்தார். தோலுறை இல்லை. இரண்டு உள்ளங்கையும் கிழிந்து ரத்தம் சொட்டியது. ஓடுகிற கம்பியை வெறும் கையால் பிடித்திருக்கிறார். ஆனால் அதை யார் பார்த்தார்கள்? கம்பியை ஏன் அவிழ்த்தாய் என்றுதான் எல்லாரும் அவர் மேல் பாய்ந்தார்கள். ஸ்டண்ட் மாஸ்டர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

அவர் என்னைக் காட்டிச் சொன்னார்: “மேடம் பறஞ்ஞிட்டல்லே?”

மேடம் சொல்லித்தானே செய்தேன் என்கிறார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவிழ்க்கச் சொன்னீர்களா என்று மானேஜர் கேட்டார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பழியைத் தூக்கி என் தலையில் போடுகிறாரே என்று. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றேன். சத்தியமாக அதைத்தான் நம்பினேன். சுதாகரன் அண்ணன் கிழிந்த கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். அவரை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். குடித்திருந்தான் என்று சாயங்காலத்துக்குள் ஒரு பேச்சும் கிளம்பிவிட்டது. குடிக்காத மனுஷர்.

அடுத்த வாரம் ஸ்டண்ட்காரர்கள் சங்கத்தில் கூட்டம் என்று சொன்னார்கள். அவருடைய உறுப்பினர் கார்டை ரத்து செய்யப் போகிறார்கள். கார்டு போனால் எந்தப் படத்திலும் நிற்க முடியாது. இருபது வருஷத் தொழில்.

நாலாவது நாள் மத்தியானம், ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்து ஒரு டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷாட் எடுக்கும்போது என் பக்கத்தில் ஒரு சின்ன வீடியோ கேமராவை ஓட விடுவது என் வழக்கம். வெயில் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் என்று பின்னால் பார்த்துக்கொள்ள உதவும். முதல் டேக்கையே படத்தில் வைத்துக்கொள்வதாக முடிவாகியிருந்தது. வெளிச்சத்தைக் குறித்துக்கொள்ளத்தான் டேப்பைப் போட்டேன். நிறுத்த மறந்து, அது இரண்டாம் டேக்குக்கும் ஓடியது.

பின்னால் ஷைலஜா சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். எங்கள் ஸ்டூடியோவில் உருவங்களைச் சுற்றிக் கோடு போடுகிறவள், என்னை விட நாலு வயது சின்னவள், சுத்த மலையாளி. ஷூட்டிங்குக்கு வரவில்லை, நடந்த தகராறும் முழுசாகத் தெரியாது. டேப்பில் என் குரல் வந்தது. அவள் நின்றாள்.

“சேச்சி எந்தினா அழிச்சு விடான் பறஞ்ஞது?”

அக்கா, எதற்கு அவிழ்த்து விடச் சொன்னீர்கள் என்று கேட்கிறாள். தமிழ்நாட்டிலிருந்து என்னிடம் படிக்க வந்த உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மலையாளத்தில் அழிப்பது என்றால் அவிழ்ப்பது. தொழுவத்தில் மாட்டை அவிழ்த்து விடு என்பதை ‘அழிச்சு விடு’ என்பார்கள். துடைப்பதற்கு அவர்கள் சொல் ‘மாய்க்குக’. நமக்கோ மாய்ப்பது என்றால் கொல்வது. பக்கத்து வீட்டுப் பாஷை மாதிரி ஆபத்து வேறில்லை. தூரத்துப் பாஷை என்றால் புரியவில்லை என்று கேட்டுவிடுவோம். இது புரிந்த மாதிரியே இருக்கும்.

நான் துடைக்கிறதைச் சொன்னேன் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, அழிக்கத்தானே சொல்கிறீர்கள் என்றாள். நான் டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன். இந்தத் தடவை என் குரலை ஒரு மலையாளியின் காதை வைத்துக் கேட்டேன். இரண்டு பாஷையும் தெரிந்தவள் என்று பெயர், ஆனால் அதுவரை அப்படிக் கேட்டதே இல்லை. ‘அழிச்சு… விடு…’ தெளிவாக இருந்தது. போதாக்குறைக்கு ஒவ்வொரு டேக் முடிந்ததும் ஸ்டண்ட் மாஸ்டர் சுதாகரன் அண்ணனுக்குச் சொல்லும் வார்த்தையும் அதுதான். அதே டேப்பில், முதல் டேக் முடிந்ததும் மாஸ்டர் குரல் கேட்கிறது: “சுதாகரா, அழிச்சு விட்டோ.” அவிழ்த்து விடு என்று அர்த்தம். வெயில் போய்விட்டது, ஷாட் இப்போது இல்லை, அவிழ்க்கச் சொல்கிறார்கள் என்று அவர் நினைத்ததில் என்ன தப்பு?

டேப் ஓடிக்கொண்டே இருந்தது. ஆக்‌ஷன் என்ற சத்தத்துக்கு அப்புறம் பாறைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆம்பிளைக் குரல், ஜெபா என்று. அவர் கம்பியைத் தாவிப் பிடித்தது அப்போதுதான். என் முகத்தைப் பார்த்து ஷைலஜா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தாள்.

ஸ்டூடியோவின் சொந்தக்காரர் வேணு. கெட்டவர் இல்லை, இன்றைக்கும் என் நண்பர்தான். அவரிடம் டேப்பைப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். நீ சொன்னது தமிழ், தமிழில் அதற்கு ஒரே அர்த்தம், உன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்றார். ஆனால் இதை வெளியே சொன்னால் ஸ்டூடியோக்காரி சொன்னதால்தான் ஜெபமணி விழுந்தாள் என்றுதான் ஊர் பேசும். இந்தப் படம் போகும், அடுத்ததும் வராது என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம். பிறகு போகிற போக்கில், அந்த டேப்பை எடுத்து வேறு எதற்காவது உபயோகப்படுத்திக்கொள் என்றார்.

அன்று சாயங்காலம் வரை அந்த டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்களிடம் நல்லவள் மாதிரி வேஷம் போட விருப்பமில்லை. அதன் மேலேயே அரை நிமிஷம் வேறு எதையாவது பதிவு செய்தால் தீர்ந்தது. இருப்பதை இல்லாமல் செய்வதுதானே எனக்குச் சோறு போடுகிறது. ஊரிலேயே அந்த வேலையை என்னை விட நன்றாகச் செய்ய ஆள் கிடையாது. கேமராவில் டேப்பைப் போடவும் செய்தேன். விரல் பொத்தான் வரை போயிற்று. அப்போது அவருடைய கைதான் ஞாபகம் வந்தது. துண்டில் சுற்றிய அந்தக் கை. நான் சொல்லவில்லை என்று சொன்னபோது அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், கோபப் பார்வை இல்லை, தன் காதையே சந்தேகப்படுகிற பார்வை. அந்த மனுஷர் நாலு நாளாகத் தன் காதை நம்பாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். டேப்பை வெளியே எடுத்துப் பையில் போட்டேன்.

கூட்டத்துக்கு முன்னால் சொல்ல வேண்டிய ஆள் ஒருத்தி இருந்தாள். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜெபமணியின் காலை இழுத்துக் கட்டிப் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டாள். அதுவே எனக்குத் தாங்கவில்லை. சுதாகரன் அண்ணன் பெயரை எடுத்ததும் முகம் மாறிவிட்டது. பத்து வருஷம் கூடப் பிறந்தவன் மாதிரி நினைத்தேனே, இப்படிச் செய்துவிட்டானே என்று அழுதாள். அவர் பார்க்க வந்தபோது உள்ளே விட வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “நீங்க அழிச்சிடலாம்னு சொன்னது எனக்கும் கேட்டுது. தடிக் கம்பி எங்கயும் போவாதுன்னு தைரியமாட்டு சாடினேன்.”

தைரியமாகத் தாவினாளாம். நான் சொன்ன ஒரு வாக்கியம் கம்பியின் இந்த முனையில் தைரியமாகவும் அந்த முனையில் உத்தரவாகவும் போயிருக்கிறது. அதை அவளிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, சுற்றி வளைத்தால் நின்றுவிடுவேன் என்று பயம். மார்த்தாண்டத்துக்காரிக்கு மலையாளம் சொல்லித்தர வேண்டுமா? பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. உதடு மட்டும் அசைய அந்த வார்த்தையை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நடுவில் கம்பி ஒரு வெட்டு வெட்டி இழுத்ததே, அது அவர் வெறும் கையால் பிடித்தது, அது இல்லை என்றால் தலைகீழாகப் போயிருப்பாய் என்றும் சொன்னேன்.

பிறகு கேட்டாள்: “அண்ணனுக்க கையி இப்பம் எப்பிடி இருக்கு?”

எனக்குத் தெரியவில்லை. ஐந்து நாளில் அதை நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

கூட்டம் அவர்கள் சங்கத்து மாடியில், ஒரு மத்தியான வேளையில். டிவி இருந்தது, கேமராவை அதில் மாட்டினேன். முப்பது நாற்பது ஆம்பிளைகள், நான் ஒருத்திதான் பெண். எதுவும் விளக்காமல் டேப்பைப் போட்டு, என்ன கேட்டது என்று மட்டும் கேட்டேன். அவிழ்த்து விடச் சொல்வது கேட்டது என்று எல்லாரும் சொன்னார்கள், ஸ்டண்ட் மாஸ்டர் உட்பட. அந்தக் குரல் என்னுடையது என்றேன். தமிழில் அதற்கு வேறு அர்த்தம் என்றும், ஆனால் மலையாளிகள் காதில் விழும் கருவியில் தமிழில் பேசியது என் தப்பு என்றும், அன்றைக்கு நான் சொல்லவில்லை என்று சொன்னது அதை விடப் பெரிய தப்பு என்றும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அது வரைக்கும் சாமி காப்பாற்றியது.

சுதாகரன் அண்ணன் கடைசி வரிசையில் இருந்தார், இரண்டு கையிலும் கட்டோடு. எழுந்தார். என்னைத் திட்டப் போகிறார், திட்டட்டும் என்றுதான் நினைத்தேன்.

“ஞான் ஒந்நு திரிச்சு சோதிச்சா மதியாயிருந்நு,” என்றார். “தெற்று எனிக்கும் உண்டு.”

நான் ஒரு தடவை திருப்பிக் கேட்டிருந்தால் போதும், தப்பில் எனக்கும் பங்கு உண்டு என்கிறார். தப்பிக்க வழி திறந்து கிடக்கிறது, அதைத் திறந்துவிட்டவள் எதிரே நிற்கிறாள், அவரோ பாதியைத் தன் தோளில் எடுத்துக்கொள்கிறார். அந்த இடத்தில்தான் நான் அழுதேன். கார்டு ரத்தாகவில்லை. அன்றைக்கே ஒரு முறையும் வந்தது. கம்பிப் பக்கம் ஒரே ஆள்தான் பேச வேண்டும், பிடிக்கிறவர் கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்கு அப்புறம்தான் கையை அசைக்க வேண்டும். அது எங்கெங்கே இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் வகுப்பில் இருந்தது. நான் சொன்னதை உன் வார்த்தையில் திருப்பிச் சொல் என்று உங்கள் பிராணனை எடுத்தேனே, அது இதுதான்.

வேணு சொன்னது அத்தனையும் நடந்தது. அந்தப் படத்தின் வேலை சென்னைக்குப் போய்விட்டது. அடுத்ததும் வரவில்லை. வேணு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள், மிஷின்கள் சும்மாதானே தூங்குகின்றன, நாலு பேருக்குக் கற்றுக்கொடுத்தாலாவது கரண்டு காசு வரும் என்று முனகினார். நான் ஆசிரியை ஆனது அப்படித்தான். பெரிய லட்சியமெல்லாம் ஒன்றும் இல்லை, வேலை இல்லாமல் போனதால் வந்த வேலை. அதுவே என் வாழ்க்கையாகிவிட்டது.

ஜெபமணியின் கால் சேர்ந்தது, ஆனால் கொஞ்சம் குட்டையாகச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அவள் தாவவில்லை. இதை மட்டும் என்னால் எந்தக் கணக்கிலும் சரி செய்ய முடியவில்லை. முயன்றதாகச் சொல்லிக்கொள்ளவும் மாட்டேன்.

மூன்று வருஷம் கழித்து எனக்கு மறுபடி ஒரு கம்பி வேலை வந்தது. அதுவும் பாறை, அதுவும் தாவல். போனால், பாறை மேல் ஜெபமணி இருக்கிறாள். தாவப் போவது வேறு ஒரு பெண். அவளுக்கு இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டி, கொக்கியை மூன்று தடவை இழுத்துப் பார்த்து, கம்பிப் பக்கத்துக்குக் குரல் கொடுப்பது ஜெபமணியின் வேலை. கம்பிப் பக்கம் யார் என்று கேட்டேன். அதென்ன கேள்வி என்பது மாதிரிப் பார்த்தாள். சுதாகரன் அண்ணன் பிடித்தால்தான் தன் பெண்களைத் தாவ விடுவாளாம்.

மேகம் வந்தது. கேமராமேன் வேறு ஆள், புலம்பல் மட்டும் அதே புலம்பல். கம்பி தெரிகிறது என்றார். நான் வாக்கி டாக்கியைக் கீழே வைத்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாறை பாறையாக இறங்கி, பின்பக்கம் போனேன். சுதாகரன் அண்ணன் வளையத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். உள்ளங்கையில் தழும்பு வெள்ளையாக ஓடியது. முகத்துக்கு நேரே நின்று மலையாளத்தில் சொன்னேன். கம்பி தெரிகிறதாம், தெரியட்டும், கட்டினது கட்டினபடி இருக்கட்டும் என்று.

அவர் முறைப்படி திருப்பிச் சொன்னார், கட்டினது கட்டினபடி இருக்கும் என்று. சொல்லிவிட்டு இன்னொரு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டு சிரித்தார். “மேடம் தைரியமாட்டு போணும். ஞான் பிடிச்சிட்டுண்டு.” நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்கிறார்.

அந்தப் பெண் தாவினாள், எதிர்ப்பாறையில் போய் நின்றாள். ஜெபமணி மேலேயிருந்து கை தட்டினாள்.

படத்தில் அது இரண்டு மூன்று விநாடி வரும். நீங்கள் பார்த்திருப்பீர்கள், அங்கே கம்பி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஃபிரேமாக அதை நான்தான் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் அது தடியாக, தொய்வே இல்லாமல், நேராக நின்றது. மறுமுனையில் ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று ஒவ்வொரு ஃபிரேமிலும் தெரிந்தது. இரண்டு நாளில் முடிக்க வேண்டிய வேலை, ஒன்பது நாள் ஆயிற்று. எடுக்க மனசே வரவில்லை.